நீ போனப்புறம் யாரும்மா மாத்துவாங்க?

எங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டு கட்சி உண்டு. ஒண்ணு, கையாலேயே எழுதணும்கிற கட்சி. நோட்பேடைத் திறந்து முதல் டேகிலிருந்து கடைசி டேக் வரைக்கும் தானே தட்டினால்தான் அது வெப் பேஜ், மத்ததெல்லாம் வாடகை வீடுன்னு மூச்சுவிடாம பேசுவாங்க. இன்னொண்ணு வேர்ட்பிரஸ் கட்சி. 'அஞ்சு நிமிஷத்துல இன்ஸ்டால், அரை மணியில சைட், மிச்ச நேரம் கேன்டீன்!' இதுதான் அவங்க கொள்கை விளக்கம். ரெண்டு கட்சியும் ஒரே டேபிளில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டே சண்டை போடும். நான் முதல் கட்சி. தீவிரத் தொண்டர்னே வெச்சுக்கங்க.

போன கோடை லீவில் திருவள்ளூரில் ஒரு சின்ன வெப் டிசைன் ஆபீஸில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப். மூணு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், நான்காவதாக நான். வந்த முதல் வாரமே ஒரு வேலை கொடுத்தாங்க. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு ஒரே ஒரு பக்கம் பண்ணணும். லேண்டிங் பேஜ்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கூகுள் விளம்பரத்தையோ, கண்காட்சி ஸ்டாலில் ஒட்டியிருக்கிற கியூ.ஆர். கோடையோ தட்டினால் நேரா வந்து இறங்குற பக்கம்தான் லேண்டிங் பேஜ். மேலே மெனு கிடையாது. 'எங்கள் நிறுவனர்' போட்டோ கிடையாது. என்ன பொருள், எத்தனை நாளில் கிடைக்கும், யாருக்கு போன் பண்ணணும்... அவ்வளவுதான் சமாச்சாரம். வந்தவர் போன் பண்ணினா ஜெயிச்சுது. பண்ணாம போயிட்டா விளம்பரக் காசு போச்சு.

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்னு மேப்பில் பார்க்க ஈஸியா இருக்கும். நேர் ரயில் கிடையாதுங்க. அரக்கோணம் பக்கத்து லைன் ஒண்ணு, கூடூர் பக்கத்து லைன் ஒண்ணு. பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய் இறங்கி, அடுத்த வண்டி பிடிச்சு, பொன்னேரி, கவரைப்பேட்டை எல்லாம் தாண்டிப் போகணும். அதனால கம்பெனிக்கு அடிக்கடி போய்ப் பார்க்கிற பேச்சே இல்லை. மொத்தமே மூணு தடவைதான் போனேன்.

அவங்க செய்யறது கன்வேயர் ரோலர். எண்ணூர் துறைமுகத்திலிருந்து அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி பெல்ட்டில் ஓடுது இல்லையா, அந்த பெல்ட் சறுக்கிக்கிட்டுப் போக அடியில் வரிசையா உருளைகள் இருக்கும். அதுதான். 89 மில்லிமீட்டர், 114 மில்லிமீட்டர்னு பைப் சைஸ், உள்ளே 6204, 6205-னு பேரிங் நம்பர். வாங்க வர்றவருக்கு கவிதை எல்லாம் வேணாம். இந்த சைஸ், இந்த பேரிங், எப்போ கிடைக்கும்? நின்னு போன பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்னுக்கிட்டு, கையில் கிரீஸோட, போனில் தேடுற ஆள் அவர். எல்லையைத் தாண்டினா ஆந்திராவில் ஸ்ரீசிட்டி; அங்கிருந்தும் தெலுங்கில் போன் வரும்.

கம்பெனி ஓனர் அறுபது வயசுக்காரர். முதல் தடவை போனப்போ, ஏற்கெனவே இருந்த பழைய பக்கத்தைத் தன் போனில் திறந்து காட்டினார். பார்க்க நல்லாத்தான் இருந்தது. "கீழே நம்பரைப் பாரும்மா"ன்னார். பார்த்தேன். "இது எங்க பழைய சேல்ஸ் மேனேஜர் நம்பர். அவர் வேலையை விட்டு எட்டு மாசம் ஆச்சு. இப்போ போட்டி கம்பெனியில இருக்கார். என் பக்கத்தைப் பார்த்து வர்ற என்கொயரி எல்லாம் அவருக்குப் போகுது. விளம்பரக் காசு என்னுது, ஆர்டர் அவரோடது!" சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரலை.

ஏன் மாத்தலைன்னு கேட்டேன். அந்தப் பக்கத்தைச் செஞ்சது ஒரு காலேஜ் பையன். என்னை மாதிரியே லீவில் வந்தவன். முழுக்க கையால எழுதியிருந்தான். சுத்தமான கோடு, பார்த்தா எங்க கட்சி மானத்தைக் காப்பாத்தற மாதிரி இருந்தது. ஆனா சர்வர் பாஸ்வேர்ட் அவன்கிட்ட. டொமைன் பெயர் அவன் இமெயிலில் பதிவாகியிருக்கு. அவன் இப்போ வெளிநாட்டில். மெயிலுக்குப் பதில் இல்லை. ஒரே ஒரு போன் நம்பர், பத்து இலக்கம், அதை மாத்த அந்தக் கம்பெனியில் எட்டு மாசமா யாராலும் முடியலை.

எல்லாம் சொல்லிட்டு ஓனர் கேட்டார்: "நீயும் ஜூலையில காலேஜுக்குப் போயிடுவ. நீ போனப்புறம் யாரும்மா மாத்துவாங்க?"

இந்தக் கேள்வி எங்க கேன்டீன் டேபிளில் ஒரு நாளும் வந்ததே இல்லை. நாங்க பேசறதெல்லாம் ஸ்பீடு, சுத்தம், கோடிங் அழகு. பக்கத்தைச் செய்யறவர் பார்வையிலேயே பேசிக்கிட்டு இருந்திருக்கோம்.

ஆபீஸுக்குத் திரும்பி ரெண்டு விதமாவும் செஞ்சேன். ஒண்ணு, என் கையால எழுதினது. மொத்தம் 58 கிலோபைட். இன்னொண்ணு, வேர்ட்பிரஸில் ஒரு ரெடிமேட் தீம் போட்டு, இழுத்து இழுத்து வைக்கிற பேஜ் பில்டர் ப்ளக்-இன் வெச்சு செஞ்சது. அது 2.3 மெகாபைட். பார்வைக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தகரக் கூரை ஷெட்டுக்குள்ளே சிக்னல் படுத்து நொடிக்கு 400 கிலோபிட்தான் கிடைக்குதுன்னு வைங்க. முதல் பக்கம் ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலே. ரெண்டாவது? 46 நொடி! கிரீஸ் கையோட நிக்கிறவர் 46 நொடி காத்திருப்பாரா? அடுத்த லிங்க்கைத் தட்டிடுவார்.

இந்த இடத்தில் எங்க கட்சிக்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 2012-ல் ஒபாமா ரெண்டாவது தடவை அதிபர் தேர்தலில் நின்னப்போ, இணையத்தில் நன்கொடை வாங்கின பக்கத்தைக் கைல் ரஷ் என்கிற டெவலப்பர் இருந்த டீம் மாத்திச் செஞ்சுது. ஜெக்கில்னு ஒரு கருவியால் பக்கங்களை முன்கூட்டியே வெறும் எச்.டி.எம்.எல்.லா ஆக்கி வெச்சுட்டாங்க. யாராவது வந்தா டேட்டாபேஸைத் தட்டி எழுப்பாம, ரெடியா இருக்கிற பக்கத்தை அப்படியே எடுத்துக் கொடுக்கும். பக்கம் 60 சதவிகிதம் வேகமாச்சு, நன்கொடை கொடுக்கறவங்க 14 சதவிகிதம் கூடினாங்கன்னு ரஷ் பிறகு எழுதினார். அதன் வழியா வந்த தொகை சுமார் 25 கோடி டாலர். எல்லாத்திலயும் பெரிய லேண்டிங் பேஜ் கதை இதுதான்னு நினைக்கிறேன்.

ஆனா அந்த டீமில் எத்தனை டெவலப்பர்கள் இருந்திருப்பாங்க! ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வரி மாத்தணும்னாலும் மாத்த ஆள் உண்டு. கும்மிடிப்பூண்டியில் அந்த வேலைக்கு இருந்தது ஒரே ஒருத்தர். அக்கவுன்ட்ஸ் அக்கா.

அக்காவுக்கு டேலி அத்துப்படி. எக்செல் தெரியும். வாட்ஸ்அப்பில் கம்பெனியையே நடத்துவாங்க. பைப் விலை ஏறினா கொட்டேஷனில் 'இந்த விலை 7 நாளுக்கு மட்டும்'னு மாத்தறதும், ஆர்டர் குவிஞ்சா டெலிவரி நாளைக் கூட்டறதும் அவங்கதான். அப்படின்னா பக்கத்தையும் மாத்த வேண்டியவங்க அவங்கதானே? ரெண்டாவது தடவை போனப்போ ரெண்டு பக்கத்தையும் அவங்க முன்னால வெச்சேன். "அக்கா, 'டெலிவரி 12 நாள்'னு இருக்கு. அதை 15 ஆக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

முதலில் என்னோட கை வேலை. நோட்பேடில் திறந்தாங்க. கண்ணைச் சுருக்கித் தேடி, 12-ஐக் கண்டுபிடிச்சு 15 ஆக்கிட்டாங்க. எனக்கு ஒரே சந்தோஷம்! அப்புறம் அதை சர்வருக்கு அனுப்பணும். எஃப்.டி.பி. சாஃப்ட்வேரைத் திறந்தப்போ இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் ஒரு பட்டியல். எது நம்ம கம்ப்யூட்டர், எது சர்வர்? "தம்பி பொண்ணு இருந்தா கேட்கலாம், அவ ஸ்கூலுக்குப் போயிருக்கா"ன்னு சொல்லி நாற்காலியைத் தள்ளிட்டாங்க.

அடுத்து பேஜ் பில்டர். உள்ளே போனதும் அந்த 12 மேலே அழகா கிளிக் பண்ணினாங்க. மவுஸ் லேசா நகர்ந்தது. அந்தப் பெட்டி முழுசா போய் போன் நம்பருக்குக் கீழே உட்கார்ந்துடுச்சு. திருப்பி இழுத்தா ரோலர் படம் பக்கத்துக்கு வெளியே. "ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலை கண்ணு!" உண்மைதான், அவங்க ஒண்ணும் பண்ணலை. எதை வேணும்னாலும் மாத்தலாம்னு விட்டா, மாத்தக்கூடாததும் சேர்ந்து மாறும்.

ஆக, ரெண்டு கட்சியும் டெபாசிட் காலி.

இன்னொரு கூத்தும் நடந்தது. அறிவிப்பு ஒண்ணைத் தமிழில் போடலாம்னு அக்கா பழைய லெட்டரிலிருந்து காப்பி பண்ணி ஒட்டினாங்க. பக்கத்தில் வந்தது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒரு மந்திரம். அந்த லெட்டர் பழைய ஃபான்ட்டில் அடிச்சது. ஒரு காலத்தில் தமிழ் இணையதளம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபான்ட் இருந்தது. அதை இறக்கிப் போட்டால்தான் படிக்க முடியும். தமிழ்நாடு அரசே 2010-ல்தான், கோவை செம்மொழி மாநாடு நடந்த சமயம், யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பழைய ஃபான்ட்டில் தவிச்ச அதே அக்கா, போனில் யூனிகோட் தமிழில் சரசரன்னு டைப் பண்றாங்க. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அவங்களுக்கு வசதியான இடம் போன். போனிலிருந்து எஃப்.டி.பி. பண்ணுங்கன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்லை.

இந்தச் சண்டையோட வரலாற்றைப் பார்த்தா ஒரு வேடிக்கை தெரியும். டிம் பெர்னர்ஸ்-லீ முதன்முதலில் எழுதின பிரவுசரில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், அங்கேயே திருத்தவும் முடியும். பிறகு வந்து ஊரெல்லாம் பரவின பிரவுசர்களில் படிக்கிற வேலை மட்டும்தான் தங்கினது. திருத்தறது விஷயம் தெரிஞ்சவங்க கைக்குப் போயிடுச்சு. சி.எம்.எஸ். எல்லாம் அதைத் திரும்பப் பிடிக்க வந்த முயற்சிதான். அதைச் செஞ்சவங்களும் நம்ம வயசுக்காரங்க! பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவர் ட்ரீஸ் பாய்டார்ட், 2000-ல் ஹாஸ்டல் நண்பர்கள் எட்டு பேர் ஒரே இன்டர்நெட் கனெக்‌ஷனைப் பகிர்ந்துக்கிட்டப்போ, நெட் வருதா வரலையா, ராத்திரி எங்கே சாப்பிடப் போறோம்னு எழுதிவைக்க ஒரு சின்ன சைட் பண்ணினார். அதுதான் 2001-ல் ட்ரூப்பல் ஆச்சு. மிஷேல் வால்ட்ரிகி எழுதின பி2 என்கிற சாஃப்ட்வேர் பராமரிப்பு இல்லாம நின்னு போனப்போ, அதை எடுத்து மாட் முல்லன்வெக்கும் இங்கிலாந்துக்காரர் மைக் லிட்டிலும் 2003 மே மாசம் வேர்ட்பிரஸா வெளியிட்டாங்க. மாட்டுக்கு அப்போ 19 வயசு. இன்னைக்கு உலகத்து இணையதளங்களில் 40 சதவிகிதத்துக்கு மேல வேர்ட்பிரஸில் ஓடுது. 19 வயசில் நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு மட்டும் கேட்காதீங்க.

நம்ம மாவட்டத்திலேயே உதாரணம் வேணுமா? திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தைத் திறங்க. பக்கத்தில் காஞ்சிபுரத்தோட தளத்தையும் திறங்க. ஒரே அச்சு! தேசிய தகவலியல் மையம் நாடு முழுக்க மாவட்டங்களுக்காகச் செஞ்ச 'எஸ்3வாஸ்' என்கிற சி.எம்.எஸ். அது. எங்க கட்சிக்காரங்க 'எல்லா ஊரும் ஒரே மூஞ்சி'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. ஆனா கலெக்டர் மாறுவார், டெண்டர் வரும், வேலைக்கு ஆள் எடுக்கற அறிவிப்பு வரும். ஒவ்வொண்ணுக்கும் கோடு எழுதறவரைத் தேடிக்கிட்டு இருக்க முடியுமா? தமிழ், ஆங்கிலம் ரெண்டும் உண்டு. பார்வையில்லாதவங்க ஸ்கிரீன் ரீடரில் கேட்கவும் ஏற்பாடு உண்டு. நாங்க கையால எழுதற பக்கங்களில் அந்த வசதியை எத்தனை பேர் வைக்கிறோம்? வகுப்பில் கை தூக்கச் சொன்னா தெரிஞ்சுடும்.

அதுக்காக சி.எம்.எஸ்.ஸைப் போட்டுட்டு நிம்மதியா தூங்கலாம்னு நினைக்காதீங்க. 2014 அக்டோபர் 15 அன்னைக்கு ட்ரூப்பல் 7-ல் ஒரு பெரிய ஓட்டை இருக்குன்னு அறிவிச்சு, அடைக்கிற வழியையும் கொடுத்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சு அவங்களே சொன்னாங்க: அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் அடைக்காத தளம் எல்லாம் திருடன் புகுந்ததாகவே வெச்சுக்கங்கன்னு. ஏழு மணி நேரம்! நம்ம அக்கா அதுக்குள்ள டேலியை மூடிட்டு, பஸ் பிடிச்சு, வீட்டில் தோசைக்கு மாவு ஆட்டிக்கிட்டு இருப்பாங்க. வெறும் எச்.டி.எம்.எல். பக்கத்துக்கு இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. 1991-ல் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் வெச்ச முதல் வெப்சைட்டை 2013-ல் அதே முகவரியில் திரும்ப வெச்சாங்க. இன்னைக்கும் உங்க போனில் திறக்கும், முயற்சி பண்ணிப் பாருங்க. யாரும் தொடாத பக்கம் கையால எழுதினதா இருந்தா பல வருஷம் தாங்கும். யாரும் தொடாத சி.எம்.எஸ். பூட்டாத வீடு.

இதையெல்லாம் ஆபீஸில் சொன்னேன். அங்கே இருக்கிற அண்ணன் சொன்னார், "தீமும் வேணாம், பில்டரும் வேணாம். வேர்ட்பிரஸை வெறும் பெட்டியா வெச்சுக்கோ." அதுதான் வழியா அமைஞ்சது. பக்கத்தோட சட்டம் முழுக்க நானே கையால எழுதினேன். ரோலர் படம், சைஸ் பட்டியல், நிறம், இடம் எதையும் உள்ளே போய் நகர்த்த முடியாது. அக்காவுக்குத் தெரியறது அஞ்சே அஞ்சு பெட்டி: போன் நம்பர், டெலிவரி நாள், கையிருப்பில் உள்ள சைஸ், விலை எந்தத் தேதி வரை செல்லும், ஒரு வரி அறிவிப்பு. போனிலிருந்தே திறக்கலாம். சேமிச்சதும் பக்கம் வெறும் எச்.டி.எம்.எல்.லா உருவாகி நிக்கும். வர்றவருக்கு அதுதான் போகும். எடை 74 கிலோபைட். தேவையில்லாத ப்ளக்-இன் ஒண்ணு கூட இல்லை. வேர்ட்பிரஸ் 2013-ல் வந்த 3.7-லிருந்து பாதுகாப்பு ஓட்டைகளைத் தானே அடைச்சுக்கும். அந்த வசதியை யாரும் தெரியாம அணைச்சுடாதபடி பார்த்துக்கிட்டோம்.

கண்காட்சிக்குத் தனியா இன்னொரு பக்கம் கேட்டாங்க. சில நாளுக்கு மட்டும், ஸ்டால் கியூ.ஆர். கோடுக்காக. அதுக்கு சி.எம்.எஸ். எதுக்கு? ஒரு ராத்திரியில் கையால எழுதி ஏத்தினேன். முடிஞ்சதும் இறக்கிட்டோம். கட்சிக்காரங்ககிட்ட பெருமையா சொல்லிக்க எனக்கும் ஒண்ணு வேணுமில்லையா!

இவ்வளவு கோடு எழுதினதில் ஓனருக்கு ரொம்பப் பிடிச்சது கோடே இல்லாத ஒரு வேலை. புது டொமைன் பெயரை அவரோட பெயரில், அவரோட இமெயிலில், அவர் கார்டில் காசு கட்டிப் பதிவு பண்ண வெச்சோம். பாஸ்வேர்டை ஒரு பேப்பரில் எழுதி, மடிச்சு, பீரோவில் ஃபேக்டரி லைசென்ஸ் ஃபைலோட வெச்சுட்டார். பாஸ்வேர்டைப் பேப்பரில் எழுதாதேன்னு எங்க சைபர் செக்யூரிட்டி மேடம் சொல்லுவாங்க. அந்த பீரோ சாவி ஓனர் இடுப்பில் இருக்கிறதை மேடம் பார்த்தா ஒத்துக்குவாங்கன்னுதான் நினைக்கிறேன். பழைய டொமைன் இன்னும் அந்தப் பையன் பெயரில்தான் இருக்கு. அதைத் திரும்ப வாங்க நடக்கிறாங்க.

மூணாவது தடவை போனது சொல்லிக்கொடுக்க. அதுக்கு நாலு நிமிஷம்தான் ஆச்சு. அக்கா போனில் 12-ஐ 15 ஆக்கி, சேமிச்சு, இன்னொரு போனில் திறந்து பார்த்து, "அவ்ளோதானா?"ன்னாங்க. அப்புறம் திருப்பி 12 ஆக்கினாங்க. அப்புறம் மறுபடி 15. "பார்க்கலாம்னுதான் கண்ணு!" ஓனரோட என்கொயரி நம்பரையும் அவங்களே போட்டாங்க. நான் தொடலை.

காலேஜ் திறந்து, இன்டர்னல் எக்ஸாம் எல்லாம் வந்து, நான் அந்தப் பக்கத்தை மறந்தே போயிட்டேன். ஆயுத பூஜை சமயத்தில் சும்மா ஒரு நாள் திறந்து பார்த்தேன். டெலிவரி 18 நாள்னு மாறியிருந்தது. 89 மில்லிமீட்டர் கையிருப்பில் இல்லை. அறிவிப்புப் பெட்டியில் தமிழில் ஒரு வரி: 'பூஜைக்கு ரெண்டு நாள் லீவு, அவசரம்னா போன் பண்ணுங்க, ஆள் இருப்பாங்க.' எழுத்து நடையைக் கொஞ்சம் திருத்தலாமான்னு கை துறுதுறுத்தது. என் லாகினை அவங்க எப்பவோ எடுத்துட்டிருந்தாங்க.